ஆளுக்கொரு வாக்கியம்

என் வாக்கியம் 'கேன் ஐ ஹெல்ப் யூ?'. மீன்கார இக்காவுக்கு 'டிட் யூ ஸ்லீப் வெல்?'. சாயாக்கடைச் சேட்டனுக்கு 'ஆர் யூ ஓகே?'. ஆட்டுக்கார உம்மாவுக்கு 'வேர் ஆர் யூ ஃப்ரம்?'. இஞ்சிக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிற தாடிக்காரருக்கு 'ஈஸ் இட் வெரி ஸ்பைஸி?'. ஒரு மழைக்காலம் முழுக்க கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து இப்படித்தான் இங்கிலீஷில் கேள்வி கேட்டுக்கொண்டு கிடந்தது. வெளியாள் யாராவது காலையில் உள்ளே நுழைந்திருந்தால் எல்லோருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பி ஓடியிருப்பார்கள். நான் அந்தச் சந்தில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். சுற்றுலா வருகிறவர்கள் வாங்குகிற துணிப்பைகளைத் தைக்கிறேன். கை பாட்டுக்குத் தைக்கும், கண் வாசலில்தான் இருக்கும். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

இந்த வாக்கியங்களைப் பங்கு வைத்துக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு மதினி. மதினி என்றால் ரத்த சொந்தம் இல்லை. அவளும் கடையநல்லூர்ப் பக்கம், எங்கள் அம்மாவும் அந்தப் பக்கம். ஊர்க்காரர் என்பதால் அவள் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் ஆனார், அவள் மதினி ஆனாள். நான் இங்கேயே பிறந்தவள், மலையாளம் சரளமாகப் படிப்பேன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மதினி கல்யாணமாகி இங்கே வந்தவள், எந்த பாஷையையும் படிக்க மாட்டாள், எல்லா பாஷையிலும் பேசுவாள். இப்போது அவர்கள் வைட்டிலாவுக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். எங்கள் சந்து கொஞ்சம் சத்தம் குறைந்து போய்விட்டது.

மதினியை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் நகரத் தெரியாதவள் என்று சொல்வேன். போனில் 'நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் உள்ளது' என்று ஒரு பெண் பேசுவாளே, அவளுக்குக்கூட 'சரி மோளே, பொறவு கூப்பிடுதேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். படகில் போகும்போது ஒலிபெருக்கி 'பயணிகள் கவனமாக இறங்கவும்' என்றால் 'ஆங், எறங்குதோம்' என்பாள். தேர்தல் சமயத்தில் ஜீப்பில் ஒருவன் அம்மமாரே சகோதரிமாரே வோட்டு செய்யணே என்று ஓட்டுக் கேட்டுக் கூவிக்கொண்டு போவான். மதினி கையில் இருக்கிற குடத்தைக் கீழே வைத்துவிட்டு 'செய்யாம், செய்யாம்' என்று தலையாட்டுவாள். அடுத்த கட்சி ஜீப்புக்கும் அதே 'செய்யாம்'தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மதினி, அது மிஷின். அதுக்கு எதுக்குப் பதில் சொல்லுதீங்க?"

"மிஷினா இருந்தா என்னட்டி? மரியாதயாத்தானே பேசுது. பேசுற ஒண்ணுக்கு வாயத் தெறக்காம வர முடியுமா?"

உம்மாவின் ஆடுகள் எங்கள் சந்தில் அவிழ்த்துவிட்டபடி அலையும். அதில் ஒன்று மதினி வாசலில் நின்று கத்தினால் போதும், உள்ளேயிருந்து 'வாரேன், வாரேன்' என்று குரல் வரும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷனைப் பாருங்கள். அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. நல்ல கைக்காரர், குடிப்பழக்கம் கிடையாது, ஒரு வேலைக்கும் போகாமல் நின்றதில்லை. ஆனால் ஒரு 'ம்' வைத்தே குடும்பம் நடத்துகிறவர். சோறு போடவா என்றால் ம். பையனுக்குக் காய்ச்சல் என்றால் ம். அவருக்கு வேறு வேறு ம் இருந்தது என்றும் அதையெல்லாம் பிரித்துப் புரிந்துகொள்ள மதினிக்குத் தெரியும் என்றும் நான் நினைத்திருந்தேன். "ஒரு எழவும் தெரியாது" என்றாள் மதினி. "எங்கப்பா என்னய டைல்ஸுக்குக் கட்டிக் குடுத்துருக்காரு."

மதினி வேலை பார்த்தது கோட்டைப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில். அந்த வீட்டு மேடம் விருந்தாளிகளுக்குச் சமையல் வகுப்பு எடுப்பாள். மீன் மொய்லி, தோரன், இஞ்சிப் பச்சடி. விருந்தாளிகள் அடுப்பைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், கிளறுவார்கள், போட்டோ எடுப்பார்கள். மதினி அடுக்களைக்குப் பின்னால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாக யாராவது கையை ஆட்டினால் இவளும் ஈரக்கையை ஆட்டுவாள். அதோடு சரி.

ஒரு நாள் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. நரைத்த சடை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பின்பக்கம் வந்து, இவள் பக்கத்தில் நின்று, சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். மதினிக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் நின்று, சிரிப்பு குறைந்து, உள்ளே போய்விட்டாள்.

"ஒரு மனுஷி தேடி வந்து கேக்கா, நான் மாடு கணக்கா நிக்கேன்" என்றாள் மதினி.

"என்ன கேட்டா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்? தெரிஞ்சா இப்பமாவது போயிச் சொல்லிருவேன்லா."

அவள் அப்படித்தான் பேசுவாள். அந்தப் பெண்மணி மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள், ஆனாலும் மதினி அந்தக் கேள்வியை விடவில்லை.

மழை ஆரம்பித்தபோது மேடத்துக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது. நின்று வகுப்பு எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினியைக் கூப்பிட்டு மேடம் சொன்னது இதுதான்: மழை முடிந்து சீசன் தொடங்கும்போது வகுப்பு எடுக்க ஒரு ஆள் வேண்டும். ஹோட்டல் படிப்பு படித்த ஒரு பெண் வரத் தயாராக இருக்கிறாள். ஆனால் மதினிக்குச் சமையல் எல்லாம் தெரியும். விருந்தாளிகளோடு இங்கிலீஷில் பேசிச் சமாளிக்க முடிந்தால் அவளுக்கே கொடுக்கலாம். சீசனின் முதல் வகுப்பை அவள் தனியாக எடுக்கட்டும், மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள், பிறகு முடிவு. கூட மாட உதவிக்கு ஒரு ஆளைக் கூட்டி வரலாம்.

மதினி குதித்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவது என்பது அவளுக்கு வேறு நாட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. எனக்கும் கை நிற்கவில்லை, இரண்டு பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

முதலில் போனில் வீடியோ பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். மலையாளத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிற ஒருவன். தினமும் பயன்படும் வாக்கியங்கள் என்று சொல்லிக் கொண்டே போவான். ரெண்டே நாளில் மதினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"அவனே கேக்கான், அவனே பதில் சொல்லுதான். கிறுக்குப் பய. நமக்கு ஒரு எடம் விட வேண்டாமா?"

அவளுக்குக் கேள்வி வேண்டும். வாயுள்ள மனுஷன், முகத்தைப் பார்த்து, அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால் பதில் தன்னால் வந்து நாக்கில் உட்கார்ந்துவிடும். மலையாளம் அப்படித்தான் அவளுக்கு வந்தது. அதனால் மறுநாள் காலை மீன்கார இக்கா ஸ்கூட்டரை நிறுத்தியதும் மத்தியைத் தொடக்கூட இல்லை.

"இக்கா, நீங்க நாளைலருந்து என்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எந்து?"

"டிட் யூ ஸ்லீப் வெல். நல்லா ஒறங்கினியான்னு அர்த்தம்."

இக்கா ஐஸ் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். மறுநாள் சந்து முனையிலேயே ஹாரனோடு அந்தக் கேள்வியும் கேட்டது. மதினி வாசலுக்கு ஓடி வந்து, "யெஸ், வெரி வெல், தேங்க் யூ" என்றாள். இக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தராசு மதினி பக்கம் கொஞ்சம் கூடவே சாய்ந்தது.

பிறகு வரிசையாகச் சேர்ந்தார்கள். சாயாக்கடைச் சேட்டன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். உம்மாவுக்குக் கொடுத்தது 'வேர் ஆர் யூ ஃப்ரம்?'. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்துவிட்டு உம்மா தினமும் மதினியைப் பார்த்து நீ எந்த ஊர் என்று கேட்பாள். மதினியும் முகம் மாறாமல் "ஐயாம் ஃப்ரம் கொச்சி, வெல்கம்" என்பாள். மதினி கண்ணில் படாத நாட்களில் உம்மா ஆட்டிடம் கேட்டுப் பழகுவாள். தாடிக்காரருக்கு மட்டும் தன் வாக்கியம் பிடிக்கவில்லை. காரமா காரமா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "சேச்சி, எனிக்கு வேறெ ஒண்ணு தா" என்று மூட்டையோடு வந்து நின்றார். சாயாக்கடைச் சேட்டனிடம் மாற்றிக்கொள்ளப் பார்த்தார். சேட்டன் விடவில்லை. இந்த விஷயத்தில் ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. மதினி வேறு வழியாகப் போய்விட்டால் அதற்கும் வருத்தம் வரும். "சேச்சி இன்னு என்றெ இங்கிலீஷ் கேக்காதெ போயல்லோ" என்று இக்கா என்னிடம் வந்து முறையிடுவார்.

எனக்குத்தான் கடைசியில் கிடைத்தது. ஒரு மத்தியானம், அடைமழை, மதினி நனைந்துகொண்டு ஓடி வந்தாள். குடை கையில் மடங்கியபடி இருக்கிறது.

"ஏட்டி, கண்டுபிடிச்சிட்டேன். அந்தச் சடைக்காரி என்ன கேட்டான்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன கேட்டா?"

"கேன் ஐ ஹெல்ப் யூ. நான் கூட ஒத்தாசைக்கு வரட்டுமான்னு கேட்டுருக்கா. பாத்திரங் கழுவட்டுமான்னு. எங்கிட்ட." அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு மேடம்கிட்ட ஒரு விருந்தாளி அதே மாதிரி கேட்டா. அதே ஏத்தம், அதே எறக்கம். எனக்கு மயிர்க் கூச்செடுத்துப் போச்சு."

அந்த வாக்கியத்தை அவள் எனக்குக் கொடுத்தாள். அவள் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். "யெஸ் ப்ளீஸ், கம்" என்று அவள் சொல்வாள். அவள் அதை யாருக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. 'ஹவ் வாஸ் யுவர் டே?'. அது அண்ணனுக்கு என்று எடுத்து வைத்தது.

"இன்னைக்கு உன் நாள் எப்படி இருந்துச்சுன்னு அர்த்தமாம்" என்று எனக்கு விளக்கினாள். "நம்மூர்ல யாரு யாரை இப்படிக் கேக்காவ? சாப்ட்டாச்சான்னு கேப்போம். காசு கெடச்சுதான்னு கேப்போம். உன் நாள் எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்னே எனக்குத் தோணுனதில்ல பாத்துக்க."

இக்கா அதன்மேல் கண் வைத்து, தன்னுடையதோடு சேர்த்து அதையும் கேட்கிறேன் என்றார். "அதுக்கு ஆளு உண்டு இக்கா" என்று மதினி கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் ஆள் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபோது அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதனால் அந்த ஒரு பதிலை மட்டும் கேள்வி இல்லாமலேயே சொல்லிப் பழகினாள். சாயங்காலம் குழாயடியில் நின்றுகொண்டு, குடம் நிரம்புகிறவரைக்கும், "வெரி குட், தேங்க் யூ. ஹவ் வாஸ் யுவர்ஸ்?" என்று தண்ணீரிடம் சொல்வாள். சந்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மழை ஓய்கிற சமயம் ஒரு நாள் அவள் திரும்பவும் அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை கேளுங்க, வகுப்பு வரப்போகுது, எனக்குத் தைரியமா இருக்கும் என்று. அவர் "வேற வேலை இல்லையா" என்று சொல்லிவிட்டார். 'ம்' என்றே விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை மதினி பால் வாங்கப் போனாள். நானும் கூட இருந்தேன். சாயாக்கடைச் சேட்டன் ஆற்றிக்கொண்டே, வழக்கம் போல, "ஆர் யூ ஓகே?" என்றார்.

அவள் பதில் எல்லோருக்கும் தெரியும். யெஸ், ஐயாம் ஓகே, டோன்ட் வொர்ரி. அதைக் கேட்கத்தான் பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பினார்கள். மதினி நின்றாள். வாய் திறந்தது. பிறகு, "இல்ல சேட்டா" என்றாள்.

சேட்டன் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "இரிக்கு சேச்சி" என்று பெஞ்சில் இடம் ஒதுக்கி, ஒரு சாயாவை முன்னால் வைத்தார். திரும்பி வரும்போது மதினி என்னிடம் சொன்னாள்: "கேட்ட மனுஷனுக்குப் பொய் சொல்ல வரல ஏட்டி."

அதற்குப் பிறகு எங்கள் சந்தின் இங்கிலீஷ் மாறிப் போனது. வார்த்தை அதே வார்த்தைதான். ஆனால் இக்கா 'டிட் யூ ஸ்லீப் வெல்?' என்று கேட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்ப்பார். சிவந்திருந்தால் சில்லறை தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். நானும் 'கேன் ஐ ஹெல்ப் யூ?' என்று கேட்டால் எழுந்து போய் ஒரு குடத்தைத் தூக்கிக்கொடுக்கத் தொடங்கினேன். விளையாட்டுக்குத் தொடங்கியது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை. உதவிக்கு ஆள் நான். தேங்காய் துருவுவது என் பொறுப்பு. காலையில் சந்தைத் தாண்டும்போது ஒருத்தர் விடாமல் தங்கள் கேள்வியைக் கேட்டு அனுப்பினார்கள். தாடிக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து காரமா என்று கேட்டார். மதினி எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு நடந்தாள். புடவை புதுசு, நடை துள்ளல். அண்ணன் விடிவதற்கு முன்பே களமசேரிக்கு வேலைக்குப் போயிருந்தார்.

மேடம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் வந்தார்கள். நடுவயதுக் கணவன் மனைவி, அவர்களோடு இரண்டு சிநேகிதிகள். மதினி அடுப்புக்கு முன்னால் நின்று, "வெல்கம்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். "திஸ் ஈஸ் ஃபிஷ், திஸ் ஈஸ் டர்மரிக்" என்றாள். சிரித்தார்கள். பிறகு ஒன்றும் இல்லை.

நாங்கள் எதிர்பார்த்தது வேறு. விருந்தாளிகள் என்றால் கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவார்கள், ஜன்னல் வழியாக மதினி எத்தனை பார்த்திருக்கிறாள். ஆனால் இவர்கள் தங்களுக்குள் வேறு ஏதோ பாஷையில் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்கும் இங்கிலீஷ் சரியாக வராது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், நாங்கள் நிற்கிற மாதிரியே.

மதினியிடம் பதில்கள்தான் இருந்தன. ஒரு மழைக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த பதில்கள். கேட்க ஆளில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. மேடம் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தாள், எழுந்து வந்துவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் எழுந்துவிட்டால் முடிந்தது. மதினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அந்தச் சடைக்காரி போன நாளில்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்று. தேங்காய்த் துருவலோடு எழுந்து, பழக்கத்தில், "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்றேன்.

"யெஸ் ப்ளீஸ், கம்" என்றாள் மதினி, அவளும் பழக்கத்தில்.

விருந்தாளிகளில் மூத்த சிநேகிதியின் முகம் பளிச்சென்று ஆனது. அது அவளுக்குத் தெரிந்த வாக்கியம். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள். ஒரு அடி முன்னால் வந்து, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்று, "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று மதினியிடம் கேட்டாள்.

மதினி அப்படியே நின்றாள். பிறகு கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். "யெஸ் ப்ளீஸ்" என்றாள். "கம். கம்."

அங்கேதான் மதினிக்கு விளங்கியிருக்க வேண்டும். பதிலை மட்டுமா படித்தாள்? அத்தனை நாளும் கேள்விகளும் அவள் காதில்தானே விழுந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து அந்த மூத்தவளைப் பார்த்து, சாட்சாத் உம்மாவின் குரலில், இழுத்து இழுத்து, "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்றாள்.

"ஹங்கேரி!" என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. இஞ்சியும் மிளகாயும் வதங்கும்போது இக்காவின் சத்தத்தில், ஹாரன் ஒன்றுதான் குறைச்சல், "டிட் யூ ஸ்லீப் வெல்?" என்றாள். அந்தக் கணவன் யோசித்து, "நோ" என்றான். கையைத் தட்டிக் காட்டி, காதுக்குப் பக்கத்தில் விரலை ஆட்டி, கொசு என்று நடித்தான். அடுக்களை குலுங்கச் சிரித்தோம். அவன் மனைவிக்கு மிளகாய் நெடி ஏறிக் கண்ணீர் வந்தது. மதினி சேட்டன் மாதிரியே தலையைச் சாய்த்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். "ஓகே, ஓகே" என்று அவள் மதினி தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தேங்காய்ப் பால் ஊற்றி, மீனை இறக்கி, ஆளுக்கு ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுத்தபோது தாடிக்காரரின் முறை வந்தது. ஈஸ் இட் வெரி ஸ்பைஸி? அவர் அங்கே இருந்து பார்த்திருந்தால் இனி ஒரு நாளும் வாக்கியத்தை மாற்றித் தரச் சொல்லியிருக்க மாட்டார். அந்த நாலு பேரும் தப்பும் தவறுமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தருக்கும் கூச்சம் இல்லை. எங்கள் சந்து மொத்தமும் அந்த அடுக்களைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. துருவியது போதும் என்று யாரும் சொல்லாததால் நான் ஒரு தேங்காயை வீணாகத் துருவி வைத்திருந்தேன்.

ஒன்றைக் கவனித்தேன். விருந்தாளிகள் கிளம்பும்போது 'ஹவ் வாஸ் யுவர் டே?' என்று கேட்டிருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். மதினி அதை எடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தாள்.

மேடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மீனைச் சுவைத்தாள். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. "நாளெ முதல் பாத்திரம் கழுகான் வேறெ ஆளெ நோக்கணம். நினக்கு ஆரெயெங்கிலும் அறியாமோ?" என்று மட்டும் கேட்டாள். பாத்திரம் கழுவ வேறு ஆள் தேட வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மதினிக்கு ஆகவில்லை. "நோக்காம் மேடம்" என்றாள் உடனே.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, யார்கிட்டயும் சொல்லிராத. மொதல்ல அவுககிட்ட சொல்லணும்."

சந்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். இக்கா சாயங்காலம் இந்தப் பக்கமே வரமாட்டார், அன்றைக்கு வந்து நின்றார். "எந்தா சேச்சி, ஜெயிச்சோ?" என்றார். மதினி வாழ்க்கையில் முதல் தடவையாக, விளங்கிய கேள்விக்கே பதில் சொல்லாமல், "பறயாம், கொஞ்சம் நில்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவர்களும் நின்றார்கள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், என்னை நம்ப முடியாது.

விளக்கு போடுகிற நேரத்துக்கு அண்ணன் வந்தார். தோளில் கட்டிங் மிஷின் பை, கால் முழுக்கச் சிமெண்ட். கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். தன் வாசலில் பையை இறக்கி வைத்தார். செருப்பைக் கழற்றினார். வாளியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு ஒரு காலைக் கழுவினார். இன்னொரு காலைக் கழுவினார். பிறகு, வாளியைப் பார்த்துக்கொண்டே, சோறு போடு என்று சொல்கிற அதே குரலில், "ஹவ் வாஸ் யுவர் டே?" என்றார்.

மதினி எழுந்து நின்றாள். ஆட்டுக்குப் பதில் சொன்னவள், ஜீப்புக்குப் பதில் சொன்னவள், வாயைத் திறந்து மூடினாள், திரும்பவும் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை.

இக்காவுக்குப் பொறுக்கவில்லை. "வெரி குட்" என்று தொடங்கிவிட்டார். "தேங்க் யூ" என்று சேட்டன் சேர்ந்துகொண்டார். குழாயடியில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது எல்லோருக்கும். நான், உம்மா, தாடிக்காரர், எல்லோரும் சேர்ந்து, "ஹவ் வாஸ் யுவர்ஸ்?" என்று சந்தே அதிரச் சொல்லி முடித்தோம்.

அண்ணன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஒங்கள ஆரு கேட்டா?" என்றார். "நான் அவகிட்டல்லா கேட்டேன்."

அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு மதினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார், பதிலுக்காக.

"நல்லாருந்துச்சு" என்றாள் மதினி. இங்கிலீஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. "ரொம்ப நல்லாருந்துச்சு. இனிமே வகுப்பு நாந்தான் எடுக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிச்சப் பாதியையும் தமிழிலேயே சொன்னாள். "ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

'ம்' என்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். ஈரக்காலோடு தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"களமசேரில இன்னைக்கு ஒரு பாத்ரூமு" என்று தொடங்கினார். "ஒரு மூலைகூட மட்டம் இல்ல. எவன் கட்டுனான்னு தெரியல. காலைலயே ஒரு டைல்ஸு ஒடஞ்சு போச்சு..."

"அப்புறம்?" என்று மதினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். இக்கா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனார். சேட்டன் கடைக்குத் திரும்பினார், தாடிக்காரர் அவர் பின்னாலேயே போனார். அது எங்கள் யாருடைய வாக்கியமும் இல்லை. உம்மா மட்டும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த மூலை என்ன ஆனது என்று கேட்க ஆசைப்பட்டு நின்றாள். நான் அவள் கையையும் ஆட்டையும் சேர்த்து என் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.